நஞ்சம்மாள் இன்னும் மூச்சை விடவில்லை

கொல்லிமலைக்கு ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று அடிவாரத்துக் காரவள்ளியில் பலகை சொல்லும். முப்பது வருஷம் அதில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன் சொல்கிறேன், எழுநூறு. பலகை எழுதினவன் பாதியில் வாந்தி எடுத்து இறங்கிப் போயிருப்பான். நான் எதைச் சொன்னாலும் கொஞ்சம் கழித்துக்கொள்வது எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி முழுக்க வழக்கம். நீங்களும் கழித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே அறைக்குள் நடந்ததில் மட்டும் எதையும் கழிக்காதீர்கள்.

போன ஆனி மாதம் மலைமேல் பைல் நாட்டில் என் சிநேகிதன் ராசப்பன் தோட்டத்துக்குப் பலாப்பழம் தின்னப் போயிருந்தேன். யானைக்குட்டி அளவுப் பழம். அது என்மேல் விழுந்ததா, பாறையில் வழுக்கி நான் அதன்மேல் விழுந்தேனா என்பதில் அவனுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு. எப்படியோ விலாவில் ஒரு குத்து. மூச்சு விட்டால் வலி, சிரித்தால் உயிர் போகும் வலி. சிரிக்காமல் என்னால் இருக்க முடியாது என்பதால் எக்ஸ்ரே எடுக்கக் கிளம்பினோம்.

ராசப்பனுக்கும் அன்று அதே ஆஸ்பத்திரியில் வேலை. அவன் மகள் மேனகா ரேடியாலஜி படிப்பில் கடைசி வருஷம். மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில்தான் அவளுக்குப் பயிற்சி. படிப்பும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் என்று அவளை வீட்டுக்குக் கூட்டி வரப் போகிறான். காரணம் அந்த எக்ஸ்ரே அறை.

ஜீப்பில் போகும்போதே கதையைச் சொன்னான். ஐந்தாறு வருஷம் முன்னால் நஞ்சம்மாள் என்ற மிளகுத் தோட்டக்காரி நெஞ்சுச் சளிக்குப் படம் எடுக்க வந்தாளாம். அப்போதிருந்த எக்ஸ்ரேக்காரர் அவளை ஸ்டாண்டில் நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடி, நான் சொல்கிற வரைக்கும் விடாதே என்றாராம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டரைக் கிளப்பப் போனவர் அங்கே யாரோ நீட்டிய டீயைக் குடித்தார். விடச் சொல்ல மறந்து போனார். திரும்பி வந்தபோது அவள் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றுகொண்டுதான் இருந்தாள். உயிர்தான் இல்லை.

இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். மலைக்காரர்கள் வேறு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்லை மீறத் தெரியாத மனுஷி, இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றார்கள்.

அதிலிருந்து அங்கே கை, கால் படமெல்லாம் சுத்தமாக வரும். நெஞ்சுப் படத்தில் மட்டும் இரண்டு விலாக்கூடு. ஒன்று நோயாளியுடையது. பரிகாரம் செய்ய வந்த பூசாரி எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டு ஓடினார். ரிப்பேர் பார்க்க வந்த இன்ஜினியர் டூல்பாக்ஸைப் போட்டுவிட்டு ஓடினார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் எழுநூறு வளைவையும் ஓடியே இறங்கினார்கள். கடைசியில் மேனேஜர் பிரேம் முடிவெடுத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு நெஞ்சுப் படம் கெட்டால் மெஷினை லாரியில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவது. அதோடு மேனகாவின் பயிற்சியும் போச்சு, படிப்பும் போச்சு.

அன்றைக்கு நெஞ்சுப் படத்துக்கு வந்த ஆள் நான்.

மத்தியானம்தான். ஆனால் மூடுபனி ஆஸ்பத்திரி வராந்தாவரை ஏறி வந்து, பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கோட்டில் மேனகா வாசலில் நின்றாள். அவளுடைய துணிப்பையை ராசப்பன் ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தான்.

"கெளம்பு கண்ணு. மரவள்ளிக்குக் களை வெட்ட ஆளில்ல."

"நான் எதுக்குங்ப்பா கெளம்போணும்? எனக்கு வேலை இருக்குது. பயமுறுத்தறவிய கெளம்பட்டும்."

என்னை உள்ளே கூட்டிப் போனாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஈரச் சுவர், ஸ்பிரிட் வாடை. முருகன் டாலரைக் கழற்றச் சொன்னாள்; நகை போடுவதற்கென்று இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். சில்லென்ற பலகையில் என் நெஞ்சை ஒட்டி, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளிவிட்டு, ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. பச்சை மிளகு. மிளகு பறிக்காத மாதத்தில்.

"பெரியப்பா, மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க."

இழுத்தேன்.

என் பிடரிக்குப் பின்னால் இன்னொருவரும் இழுத்தார்.

மெஷின் டொக்கென்றது. விடுங்க என்றாள். விட்டேன்.

நான் மட்டும்தான் விட்டேன்.

தடுப்புக்குப் பின்னால் நான் ஓடி வந்த வேகத்துக்கு, என் பஸ்ஸே அப்படி ஒருநாளும் ஓடியதில்லை. கம்ப்யூட்டர் திரையில் படம் மெல்லத் தெளிந்தது. எனக்கு நாற்பத்தெட்டு விலா எலும்பு. ராசப்பனோடு அங்கே நின்றிருந்த பிரேம் பெருமூச்சு விட்டு லாரிக்காரனுக்குப் போன் போடத் தொடங்கினார். ராசப்பன் மகளின் கையைப் பிடித்தான்.

மேனகா கையை உருவிக்கொண்டு பேனா முனையால் திரையில் விலாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சார், இந்த ரெண்டாவது கூடு செத்தவிய நெஞ்சு மாதிரி இல்லீங்க. முதுகு விலா பத்துத் தெரிஞ்சாலே நல்ல மூச்சும்பாங்க. இங்க பதினொன்னு தெரியுது. இத்தன ஒழுங்கா மூச்சுப் புடிச்ச பேஷண்ட நான் பார்த்ததே இல்ல." பேனாவைக் கீழே வைத்தாள். "அவியளுக்கு யாரும் படமும் எடுக்கல, விடவும் சொல்லல. அவிய முறை இன்னும் முடியலீங்க. நாமதான் நடுவுல பூந்து பூந்து நிக்கறோம்."

போதும், அறையைப் பூட்டு என்றார் பிரேம். லாரி வளைவெல்லாம் ஏறி வரட்டும், அதற்குள் ஒரு படம் எடுக்க நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி உள்ளே போனாள். தனியாக.

ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கினாள். குள்ளமான பெண்ணுக்கு ஏற்ற உயரம். பலகையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். "வேண்டாம் சாமி" என்று ராசப்பன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தான்.

திரும்பி வந்து எங்களோடு நின்று, எனக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"நஞ்சம்மா, தாடையத் தூக்கிக்குங்க. தோள முன்னால குடுங்க. அசையாதீங்க."

காலியான ஸ்டாண்டு கிறீச்சென்று முனகியது. யாரோ அதில் சாய்ந்ததுபோல.

டொக்.

மேனகா தடுப்பைத் தாண்டிப் போய் ஸ்டாண்டின் பக்கத்தில் நின்றாள்.

"முடிஞ்சுதுங்கம்மா. மூச்ச விடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"விடலாமுங்கம்மா. நான்தான் சொல்றேன்."

அந்த மூச்சு வந்தது.

முதலில் அவள் நெற்றி முடி அசைந்தது. பிறகு கோட்டு படபடத்தது. கதவு தானாகத் திறந்து சுவரில் மோதியது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மூடுபனி எழுந்து ஓடியது. பஸ் பிரேக்கில் காற்று இறங்குமே, அப்படி ஒரு சத்தம், ஆனால் முடியவே இல்லை. நான் மலையுச்சியிலிருந்து காரவள்ளிவரை இறங்கி ஒரு டீ குடித்திருக்கலாம். ஈயக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. ஆஸ்பத்திரி முழுக்கப் பச்சை மிளகு மணந்தது.

மூச்சு ஒருவழியாக ஓய்ந்தது.

திரையில் ஒரே நெஞ்சு. சின்ன உடம்பு, சுத்தமான படம். இதுவரை எலும்போடு எலும்பாகக் கலந்து தெரியாமல் இருந்தது இப்போது பளிச்சென்று தெரிந்தது. தாலிக்கயிற்றில் கோத்த இரண்டு ஊக்குகள், நட்ட நடுவில்.

பிரேமின் கையிலிருந்து போன் விழுந்தது. மேனகா உச்சுக்கொட்டினாள்.

"ஊக்கக் கழட்டலீங்களே நஞ்சம்மா. நுரையீரல மறைக்குது. இந்தப் படத்த எங்க டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. நாளைக்குக் காலைல அதையெல்லாம் கிண்ணத்துல கழட்டிப் போட்டுட்டு நில்லுங்க, மறுபடி எடுத்துத் தாரேன்."

செத்தவளைத் திருப்பி அனுப்பிய பெண்ணை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அடுத்ததாக என்னைக் கூப்பிட்டாள். ஒரே நெஞ்சு, ஒரே விரிசல். லாரிக்காரனைப் பாதி மலையிலேயே திரும்பச் சொன்னார் பிரேம். ராசப்பன் தோளிலிருந்த பையை மகளின் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, போய் ஜீப்பில் உட்கார்ந்தான்.

டாலரைக் கிண்ணத்திலேயே மறந்துவிட்டேன். மறுநாள் காலை அதை வாங்கப் போனேன். ராத்திரி முழுக்கச் சாவி மேனகாவின் கோட்டுப் பையில்தான் இருந்தது. அவள்தான் பூட்டைத் திறந்தாள்.

கிண்ணத்தில் என் முருகன் டாலர் இருந்தது.

பக்கத்தில் துருப்பிடித்த இரண்டு ஊக்குகள்.

ஸ்டாண்டு ஒரு சாண் இறங்கியிருந்தது. நேற்று என் படத்துக்காக மேனகா அதை மேலே ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். பச்சை மிளகு வாசம் மெல்ல வந்தது. பிறகு, விளக்குப் போடாத அந்த மூலையில், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

மேனகா கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"அவசரப்படாதீங்க நஞ்சம்மா. புடிக்கச் சொல்லி நான் இன்னும் சொல்லவே இல்லீங்க."