வாயை மூடிய ஹாரன்

பாஆஆஆம்ம்ம்...

நடுப்பகலில் கார் ஷெட்டுக்குள்ளிருந்து ஹாரன் அலறியது. நிற்கவே இல்லை!

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். பழைய காரின் முன் சீட்டில், வீட்டுக்காரப் பெரியவர் மண்டை பிளந்து சரிந்து கிடந்தார். அவரைத் தூக்க முயன்றபடி டிரைவர். கையெல்லாம் ரத்தம். காலடியில் ரத்தம் தோய்ந்த ஜாக்கி லிவர் கம்பி.

போதாதா? சாயங்காலம் டிரைவர் லாக்கப்பில் இருந்தான்.

இரண்டு நாள் கழித்து...

போலீஸ் ஸ்டேஷன் பின்புறம், கொளுத்தும் வெயிலில், அதே காரின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்தார் ஒரு மனிதர். கார் எலெக்ட்ரீஷியன். ஊருக்கே அவர் 'ஃபியூஸ்'. லாக்கப்பில் இருப்பவன் அவர் மனைவியின் தம்பி.

"என்னய்யா, உன் கார் எப்போ பாடும்?" என்றார் இன்ஸ்பெக்டர், வாட்ச்சைப் பார்த்தபடி.

"பாடும் சார்... சூடு ஏறணும்."

இன்ஸ்பெக்டரின் கணக்கு சுலபமானது. அடி விழுந்தது, பெரியவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார், ஹாரன் அடித்தது. அந்த நேரத்தில் ஷெட்டில் இருந்தது டிரைவர் மட்டும்தான். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டோ, காலையிலிருந்து மதியத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் செத்திருக்கலாம் என்று கைகழுவிவிட்டது.

டிரைவர் சொன்ன கதை வேறு. காலையில் பெரியவர் அவனை வெளிவேலையாக அனுப்பியிருந்தார். மதியம் திரும்பி வந்து ஷெட்டைத் திறந்தபோது ஹாரன் தானாக அலறியதாம். கதவைத் திறந்தால் பெரியவர் ஸ்டியரிங்கைத் தொடாமல், பக்கவாட்டில் கிடந்தாராம்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

ஃபியூஸ் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும். வெயில் சூடு ஏறினால் அந்தக் கார் சாவி போடாமலே அலறும்! மாதக்கணக்காக அவர் உயிரை எடுத்த ஃபால்ட் அது. ரிலேயை மாற்றினார். சுவிட்சை மாற்றினார். ஹாரனையே மாற்றினார். காரை வீட்டுக்கு அனுப்பினால் அலறும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தால் கப்சிப்! அலறும்போது ஒருமுறை பிடித்துவிட்டால் போதும். பிடிபட்டால்தானே?

இன்றும் அதே கதைதான்.

ஒயர்க்கட்டை உலுக்கினார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். கதவை அறைந்து சாத்தினார். ஹாரன் பட்டனை அமுக்கினால் ஒழுங்காக அடித்தது, விட்டால் நின்றது. புதுக் காரே தோற்றுவிடும்!

"பாழாப்போன வண்டி... இன்னிக்குன்னு பார்த்து ஒழுக்கமா இருக்கியே!" பல்லைக் கடித்துக்கொண்டு டயரை எட்டி உதைத்தார். கால்தான் வலித்தது.

நிழலில் நின்றிருந்த இளைஞன் அலுத்துக்கொண்டான். பெரியவரின் தம்பி மகன். காரை எடுத்துப்போக வந்திருந்தான். பெரியப்பாவைக் கொன்றவனுக்காக எதற்கு இவ்வளவு நேரம் வீணாக்க வேண்டும் என்று கேட்டான்.

"சாயங்காலம் உன் மச்சானை கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஹாரன் தானா அடிச்சதை ஒரே ஒருத்தர் காதால கேட்டிருந்தாக்கூட நம்புவேன். யாராவது இருக்காங்களா?"

ஃபியூஸ் தளர்ந்துபோய் சீட்டில் உட்கார்ந்தார். அழுகையே வந்தது. மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

சட்டென்று நிமிர்ந்தார்.

"சார்... இந்த ஃபால்ட் தானா சரியாகாது. வெயில் அப்படியேதான் இருக்கு, வண்டி அப்படியேதான் இருக்கு. அப்போ யாரோ கை வச்சிருக்காங்க!"

பரபரவென்று ஸ்டியரிங் தண்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே, ஹாரன் ஒயர் இரும்பில் உரசித் தேய்ந்த இடம்... அதன் மேல் பளபளவென்று புத்தம்புது கறுப்பு டேப்!

"சீல் வச்ச வண்டியில எவன்யா கை வச்சது?" உறுமினார் இன்ஸ்பெக்டர்.

ஜீப் துடைத்துக்கொண்டிருந்த போலீஸ் டிரைவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டுய்யா செஞ்சே?"

"நீங்கதான் சார் சொன்னீங்க." போலீஸ் டிரைவர் துடைக்கும் துணியைக் கீழே வைத்தார். "நேத்து மதியம் பெரிய அதிகாரிகூட போன்ல பேசிட்டு இருந்தீங்க. இந்த வண்டி ஆளே இல்லாம கத்த ஆரம்பிச்சுது. ஜன்னல்ல தலையை நீட்டி, 'எவன்டா அவன், அந்த ஹாரன் குரல்வளையை நெரிங்கடா'ன்னு கத்துனீங்க. மூடியைத் திறந்தேன். கத்திட்டு இருந்ததால தீப்பொறி பறக்கிறது பளிச்சுன்னு தெரிஞ்சுது. டேப்பைச் சுத்திட்டேன்."

இன்ஸ்பெக்டரின் வாய் திறந்தபடி நின்றது.

ஹாரன் தானாக அடித்ததை ஒருவர் காதால் கேட்டிருக்கிறார். அவரேதான்!

மெதுவாக இளைஞன் பக்கம் திரும்பினார்.

"தம்பி... ஹாரன் தானா அடிச்சிருக்குன்னா பெரியவர் காலையிலேயே செத்திருக்கலாம். காலையில அந்த வீட்டுக்கு வந்துட்டுப் போன ஒரே ஆள் நீங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க."

அவன் கேட்டைப் பார்த்தான். ஓடினான். கேட்டருகே நின்ற கான்ஸ்டபிள் காலை நீட்ட, குப்புற விழுந்தான். வீட்டை விற்கப் பெரியப்பா சம்மதிக்காத ஆத்திரத்தில் அடித்துவிட்டதாக, எழுப்பி உட்கார வைப்பதற்குள் உளறிக்கொட்டினான்.

சாயங்காலம் டிரைவரும் ஃபியூஸும் ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தார்கள். தெருமுனையில் டிரைவர் நின்றான். பிறகு கேட்டான்.

"மாமா... நீங்க மாசக்கணக்கா தேடுன ஃபால்ட்டை அந்த ஜீப் டிரைவர் போனதும் கண்டுபிடிச்சாராமே? அன்னிக்கே நீங்க கண்டுபிடிச்சிருந்தா நான் உள்ளேயே போயிருக்க மாட்டேன்ல?"

ஃபியூஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே... இதை மட்டும் உன் அக்கா காதுல போட்டுடாதே. அப்புறம் இன்ஸ்பெக்டர் அடுத்த கொலைக்கு நம்ம வீட்டுக்குத்தான் வரணும்!"