கால் மணி நேரத்துக்குப் பிறகு

“அம்மா, நான் விளையாடறப்போ திட்டறதுக்கு மட்டும் வர்றியே... ஒரு தடவையாவது பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கியா?”

மகள் இப்படிக் கேட்டு ஒரு வருஷம் இருக்கும். அந்த வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர். மூத்த மருமகளான அவள் அம்மாவை எல்லோரும் ‘பெரியவள்’ என்பார்கள். தையல் கூடத்தில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக் கழுத்து வலியோடு வருகிறவளுக்கு விளையாட்டுப் பார்க்க ஏது நேரம்? ஆனாலும் கேள்வி மனசை உறுத்தியது. மறுநாள் சாயங்காலம் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

டேப்லெட்டில் ஒரு பூனைக்குட்டி. அது ஆற்றைக் கடக்கப் பாலம் கட்ட வேண்டும். எந்தப் பலகையை எங்கே வைத்தால் தாங்கும் என்று குழந்தை யோசிக்கிற அழகைப் பார்த்துப் பெரியவள் அசந்துபோனாள். போகப் போக அவளும் பாலம் கட்டினாள். விழுந்தால் இருவரும் சிரித்தார்கள்.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவன் அவள் கொழுந்தன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அதைக் காட்டிப் பேசுவதுதான் அவன் வேலை. பெரியவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன். மாமனார் இறந்ததும், ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து அவனைப் படிக்க வைத்தாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஒருநாள் காலை வீடே பரபரத்தது. வாலு படிக்கும் பள்ளியிலேயே அவன் பேசப் போகிறான்.

“அண்ணி, லீவு போட்டுட்டு நீங்களும் வாங்க. ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க. இந்தப் பள்ளிக்கூடம் வாங்கலைன்னா என்னை வேலையில வெச்சுக்க மாட்டாங்க!”

“வர்றேன் தம்பி. ஆனா அதுல ஒரு விஷயம்... அந்தக் குட்டி ரொம்ப அழு—”

“எல்லாம் அப்புறம் அண்ணி! பஸ் போயிடும்!”

“போற நேரத்துல அவனைக் குழப்பாதேம்மா,” என்றாள் மாமியார்.

பள்ளிக்கூட ஹாலில் கொழுந்தன் நன்றாகவே பேசினான். “இது விளையாட்டே இல்லைங்க. விளையாட்டு மாதிரி இருக்கற பாடம்!” என்றான். ஆசிரியர்கள் பக்கம் திரும்பிக் கவனம் கூடும் என்றான்; பெற்றோர் பக்கம் திரும்பி மார்க் கூடும் என்றான்.

“கணக்கு வருமா தம்பி? எம் பையனுக்குக் கணக்குன்னா காய்ச்சலே வந்துடுது,” என்றார் ஒரு அப்பா. ஹால் சிரித்தது.

கால் மணி நேரத்தில் திரையில் பூனைக்குட்டி பாலம் கட்டி முடித்து வணக்கம் சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள்.

தலைமையாசிரியை மட்டும் கேட்டார். “உங்க வீட்டுல பிள்ளைங்க யாராவது விளையாடறாங்களா?”

“எங்க அண்ணியே வந்திருக்காங்க மேடம். அவங்களையே கேளுங்க!” அவன் முகமெல்லாம் பெருமை.

பெரியவள் எழுந்தாள். எதிரே எத்தனை தாய்மார்கள்! கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

“நல்ல விளையாட்டுங்க. எம் பொண்ணோட நானும் விளையாடறேன். யோசிக்கக் கத்துக்கிட்டா. ஆனா கால் மணி நேரம் தாண்டினதும் மூடப் போனா குட்டி அழுவுது. ‘என்னை விட்டுட்டுப் போகாதே’ன்னு கெஞ்சுது. பிள்ளைங்களுக்கு எழுந்திருக்க மனசு வராது. பக்கத்துல பெரியவங்க உக்காந்து, ‘நாளைக்கு வரலாம் வா’ன்னு கூட்டிட்டுப் போகணும். முடிஞ்சா அந்த அழுகையை எடுத்துடச் சொல்லுங்க.”

“யோசித்துச் சொல்கிறோம்,” என்றார் தலைமையாசிரியை. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டு வாசலில்தான் வெடித்தது.

“ஏன் அண்ணி பொய் சொன்னீங்க? எத்தனை பள்ளிக்கூடத்துல காட்டியிருக்கேன்... அந்தக் குட்டி அழவே அழாது!”

“நான் பொய் சொல்லுவேனா தம்பி...?”

“என் வயித்துல அடிச்சிட்டீங்களே!”

மாமியார் வாலுவின் டேப்லெட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவளே அவன் வாயில மண்ணைப் போட்டுட்டாளே!”

பஸ் ஓட்டும் கணவன் மட்டும், “அதைத் திறந்து காட்டிடேன்,” என்றான்.

“வேண்டாங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் வார்த்தைக்கு ஒரு பொம்மையா சாட்சி சொல்லணும்?”

அதன்பின் வீட்டில் யாரும் அவளோடு நேராகப் பேசவில்லை. “வாலு, உங்கம்மாகிட்ட பால் பொங்குதுன்னு சொல்லு,” என்பாள் மாமியார். உங்கம்மா அடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்பாள். “அம்மா, பால் பொங்குதாம்,” என்று குழந்தை வந்து சொல்வதற்குள் பால் அடுப்பெல்லாம் வழிந்திருக்கும்.

ஒன்று மட்டும் நடந்தது. தினமும் காலையில் அவள் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பா நிரம்பி, மூடி இறுக்கி, வாசற்படி ஓரம் இருக்கும். வைத்தது ஓரகத்திதான், கொழுந்தனின் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சின்னவள், கணவன் கண் விழிப்பதற்குள் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல் கூந்தல் பின்னிக்கொண்டிருப்பாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனின் கம்பெனி டேப்லெட் கெட்டுப்போனது. கடைசி வாய்ப்பாகக் கிடைத்த வேறொரு பள்ளியில் பேசுவதற்குப் பழகிப் பார்க்க, வாலுவுடையதை அலமாரியிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டு, விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு முகம் மழிக்கப் போனான்.

சற்று நேரத்தில் கூடத்தில் ஓர் அழுகைச் சத்தம்.

“யாரு வீட்டுக் குழந்தைடா அது!” மாமியார் முட்டி வலியோடு ஓடி வந்தாள்.

“எங்கே போயிட்டே...? எத்தனை நாளா யாருமே என்கூடப் பேசலையே... நான் என்ன தப்பு பண்ணினேன்?”

திரையில் பூனைக்குட்டி விசும்பிக்கொண்டிருந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்த கொழுந்தன் அப்படியே நின்றான். மூடப் பார்த்தான், இன்னும் உரக்க அழுதது. மாமியார் அடுக்களை வாசலைப் பார்த்தாள். அங்கே பெரியவள் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

“அண்ணி...! பள்ளிக்கூடத்துல காட்டறதுக்கு எனக்குக் கம்பெனியில குடுத்தது அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான். அதோட அதுவே நின்னுடும். முழுசா நான் விளையாடினதே இல்லை அண்ணி! விளையாடாமலே ஊருக்கெல்லாம்...” அவன் சோப்புக் கையாலேயே கண்ணைத் தேய்த்தான். “உங்களைப் போய்ப் பொய்க்காரின்னுட்டேனே!”

“நுரை கண்ணுல போகுது, துடைச்சுக்கோ தம்பி,” என்றாள் அவள்.

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாடி... சாப்பிட்டியா?” நேராக அவளிடமே கேட்டாள். அதுவரை அடக்கியிருந்த கண்ணீர் அப்போதுதான் வந்தது. மாமியார் தோளில் முகம் புதைத்துப் பெரியவள் அழுதாள். கொழுந்தனும் குழந்தையாகிப் பக்கத்தில் நின்று அழுதான்.

“பாட்டி, இனிமே நீயே அம்மாகிட்ட சொல்லிக்குவியா? எனக்கு வேலை மிச்சம்!” என்றாள் வாலு.

மறுநாள் அவன் தலைமையாசிரியையைப் பார்த்து நடந்ததைச் சொன்னான். இனி முழு விளையாட்டைத்தான் காட்டுவேன் என்று கம்பெனியிலும் சொன்னான். அவர்கள் அவனைப் பேச்சு வேலையிலிருந்து எடுத்துச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். அங்கே பெட்டிகளை அடுக்கிவிட்டு வருகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். தையல் கூடத்தில் மின்சாரம் போய்ப் பெரியவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். வீட்டில் யாருமில்லை. செருப்பு வைக்கும் இடத்தில், சின்னவள் நாள் முழுக்க நிற்கும் வேலைக்குப் போட்டுப் போகிற செருப்பு, வார் அறுந்து கிடந்தது. பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

பெரியவள் தடித்த ஊசியில் மெழுகு நூலைக் கோத்துத் தரையில் உட்கார்ந்தாள். வாரை இரட்டைத் தையலாகத் தைத்தாள். முடிச்சு காலில் உறுத்தாமல் அடிப்பக்கம் தள்ளினாள். தன் கையைச் செருப்புக்குள் நுழைத்து அழுத்திப் பார்த்தாள். தாங்கும்.

இருந்த இடத்திலேயே, இருந்தபடியே அதை வைத்துவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போனாள்.