போயிட்டு வர்றோம்

கோட்டை வாசலில் நின்ற காவலாளி, உள்ளே விடும்போதே கிளம்புவதைப் பற்றிப் பேசியதுதான் அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

“கெளம்பும்போது ‘போறோம்’னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்கங்க.”

“இல்லேன்னா கோட்டை கோவிச்சுக்குமா?” என்றான் அவள் கணவன்.

காவலாளி சிரிக்கவில்லை.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இருவருக்கும் ஒன்றாகக் கிடைத்த முதல் விடுமுறை; சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே ஜன்னலை இறக்கிவிட்டுக் காலையிலிருந்து ஓட்டி வந்த களைப்பு தெரியாமல், இருண்ட மண்டபங்களில், வௌவால் எச்சமும் ஈரக் கல்லும் துருவும் கலந்து அடித்த வாடைக்குள், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுவரைத் தொட்டாள். வெதுவெதுப்பு. வெயில் ஏறிய கல் என்றான் அவன். அந்தச் சுவரில் வெயில் படவே வழியில்லை.

வெளியே வந்ததும், தினமும் வார்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் அவளுடைய நர்ஸ் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “போயிட்டு வர்றோம்ண்ணே.”

காவலாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து கிலோமீட்டர் போயிருப்பார்கள். வளைவு திரும்பியதும் எதிரே அதே வாசல்.

“எங்கயோ சுத்திட்டோம்,” என்று வண்டியைத் திருப்பினான். நேர் ரோடு. மறுபடியும் வாசல். என்ஜின் அணைந்தது.

வீல் ஸ்பேனரோடு இறங்கினான். “என்னய்யா வித்தை காட்டுற?” காவலாளியின் பின்னந்தலையில் ஓங்கி இறக்கினான். மண்டை பிளந்தது. அவர் விழவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“என்னை அடிச்சு என்ன புண்ணியம்? வர்றோம்னு வாக்குக் குடுத்தது உங்க வீட்டம்மா.”

வாசல் கற்களின் இடுக்கு விரிந்தது. அவன் கால் முதலில் உள்ளே போனது. அப்புறம் இடுப்பு. எலும்பு நொறுங்கியது.

“விடாதடி! இழு!”

வண்டியிலிருந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கல்லில் காலை உதைத்து இழுத்தாள். ஏதோ அறுந்தது. மல்லாக்க விழுந்தாள்.

கை மட்டும் வந்திருந்தது.

இடுக்கு மூடியது. அலறல் பாதியில் நின்றது.

அவள் அழவில்லை. துப்பட்டாவை உருவினாள். அறுந்த இடத்தில் இறுக்கிக் கட்டினாள். அந்தக் கையின் மணிக்கட்டில் விரல் வைத்தாள். பழக்கம்.

நாடி ஓடியது.

விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அவள் மணிக்கட்டைப் பிடித்தன. அந்தக் கை முழங்கையை மண்ணில் ஊன்றி, அவளை வாசல் பக்கம் இழுக்கத் தொடங்கியது.