நடந்து போன டிரெய்லர்

கலைச்செல்விக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோபம் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

பள்ளி விடுமுறை என்பதால் அப்பாவுக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். அப்பா தங்கபாண்டிக்குத் திருவனந்தபுரம் பைபாஸ் ஓரத்துக் கிடங்கில் சுமை ஏற்றும் வேலை. லாரிகள் பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்க அங்கே ஒரு சிமென்ட் மேடை உண்டு. மேடைக்கும் லாரிக்கும் நடுவே இரும்புத் தகட்டைப் பாலமாகப் போடுவது அப்பாவின் பொறுப்பு.

இன்று வந்த டிரெய்லர் லாரியில் அந்தத் தகடு நழுவி விழுந்துவிட்டது. தள்ளுவண்டி கவிழ்ந்து, நான்கு பெட்டிக் கண்ணாடிக் குவளைகள் நொறுங்கின.

மேற்பார்வையாளர் குற்றாலலிங்கம் எல்லோர் முன்னாலும் அப்பாவைத் திட்டித் தீர்த்தார். கண்ணை மூடிக்கொண்டா தகட்டைப் போட்டாய் என்றார். நாளை முதல் வேலைக்கே வரவேண்டாம் என்றார். அப்பா தலை குனிந்து நின்றார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா தகட்டை நல்லாத்தான் போட்டாங்க. நான் கண்டேன்," என்றாள்.

சின்னப்பிள்ளை குறுக்கே பேசாதே என்று குற்றாலலிங்கம் கையை வீசினார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இந்தக் கைக்கு வீச மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

ஆனால் அவள் பார்த்தது உண்மை. தகடு டிரெய்லரின்மேல் ஐந்து விரல் அகலம் படிந்திருந்தது. பிறகுதான் டிரெய்லரின் தளம் மேடையைவிட உயரமாக இருப்பது தெரிந்தது. அது புது வண்டி. சக்கரங்களுக்கு மேலே காற்றுப் பைகள். உயரத்தைச் சமமாக்க ஓட்டுநர் சுவாமிதாஸ் பைகளின் காற்றைத் திறந்துவிட, உஸ்ஸென்று தளம் இறங்கியது. இறங்க மட்டுமா செய்தது?

கலைச்செல்வி நேரே ஓட்டுநரிடம் போனாள். காற்றை நிரப்பி, முன்பு செய்ததுபோலவே மறுபடி திறந்துவிடச் சொன்னாள். அவர் நேரமில்லை என்றார். அவள் நகரவில்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

காற்று நிரம்பி டிரெய்லர் உயர்ந்தது. அதன் வால் எங்கே முடிகிறதோ அங்கே, ஓரமாக நின்று, தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். குற்றாலலிங்கத்தையும் கூப்பிட்டாள். அவர் முணுமுணுத்தபடியே வந்தார்.

உஸ்ஸ். தளம் இறங்கியது. கூடவே வண்டி கோட்டை விட்டு முன்னால் நகர்ந்தது. அவள் கைவைத்து அளந்தாள். சரியாக நான்கு விரல்.

அப்படியென்றால் தகடு ஒரே ஒரு விரல் பிடிமானத்தில் நின்றிருக்கிறது!

சுவாமிதாஸ் தலையைச் சொறிந்தார். "முப்பது வருசமா பழைய லாரி ஓட்டுனவன் நான். நிறுத்தின உடனே பிரேக் போட்டுத்தான் பழக்கம். இதுல பிரேக் போட்டுட்டுக் காத்தை விட்டா வண்டி முன்னால நடக்கும்னு வண்டியைத் தந்தப்பவே சொல்லித் தந்தாங்க. மறந்துட்டேன். தப்பு என்னுதாக்கும்."

குற்றாலலிங்கம் தாழ்ந்த குரலில், சரி, அப்பாவை நாளைக்கு வரச்சொல் என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தார்.

கலைச்செல்வி விடுவாளா?

"திட்டுனப்ப எல்லாரும் கேட்டாங்கல்லே சார்? இதையும் எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

அவர் இருமினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, தங்கபாண்டிமேல் ஒரு தப்பும் இல்லை, நான்தான் விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று உரக்கச் சொன்னார்.

அப்பா தலையை நிமிர்த்தினார். கலைச்செல்விக்கு அப்போதுதான் பசித்தது.