குண்டூசி நடந்து வந்த கதை

“நல்ல யோசனைக்கு மொழிபெயர்ப்பே தேவையில்ல. அதுக்குக் கால் உண்டு. தானா உலகம் பூரா நடந்து போயிரும்.”

ஆறாம் வகுப்பு சந்தீப் இதைச் சிரிக்காமல் சொன்னான்.

அப்போதுதான் அவன் நூலகப் புத்தகத்தில் படித்த குண்டூசிக் கதையைச் சொல்லி முடித்திருந்தான். ஒரே ஆள் முழு ஊசியும் செய்தால் ஒரு நாளில் இருபதுகூடத் தேறாது. ஒருவர் கம்பியை நீட்டி, ஒருவர் வெட்டி, ஒருவர் கூராக்கி, ஒருவர் தலை வைத்தால் ஆயிரக்கணக்கில் குவியும்.

“அதை எழுதுனவுக எந்த ஊரு?” என்று கேட்டாள் அதே வகுப்பு ஜீவிதா.

“வெளிநாடு. இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“நீ எதுல படிச்ச?”

“தமிழ்ல.”

“அவுக தமிழ்லயா எழுதுனாக?”

“அது வேற விசயம்” என்றான் சந்தீப்.

அன்று மூன்று மணிக்குள் ஆறாம் வகுப்பு நூறு காகிதப்பூ செய்ய வேண்டும். இல்லையென்றால் ஆண்டுவிழா மேடை அலங்காரம் ஏழாம் வகுப்புக்குப் போய்விடும். மணி இரண்டு. ஆளுக்கொரு பூவாகச் செய்ததில் பதினெட்டுதான் முடிந்திருந்தது.

“குண்டூசி மாதிரி பிரிச்சுக்குவோம்” என்றாள் ஜீவிதா.

எல்லோரும் விழித்தார்கள். குண்டூசி செய்வதை யார் பார்த்தது?

“சரி, சேலைன்னு வைங்க. எங்க வீட்டுல அம்மா நூலைத் தார்க்குச்சியில சுத்தும். அண்ணன் தறியில பாவு நூலைப் பிணைப்பான். அப்பா நெய்வாரு. ஒரே ஆளா எல்லாம் செய்யுறாக?”

தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள். உடனே புரிந்தது. வெட்ட, மடிக்க, ஒட்ட என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். பூக்கள் விறுவிறுவென்று வந்தன.

முதலில் வெட்டி வைத்திருந்த தாள் தீர்ந்ததும் வரிசை நின்றது. வெட்டும் இடத்தில் இருந்த ரேணுகாதேவி, வெட்டி, மடித்து, ஒட்டி முழுப் பூவாகச் செய்துகொண்டிருந்தாள். போன வாரம்தான் ஆந்திராவிலிருந்து வந்தவள். தமிழ் தெரியாது. ஜீவிதா சைகை காட்டினாள். அவளும் சிரித்தபடி இன்னொரு முழுப் பூ செய்தாள்.

“எங்க வீட்டுல கன்னடம். சந்தீப்பு, உங்க வீட்டுல தெலுங்குதானலே? நீ அவகிட்ட எடுத்துச் சொல்லு” என்றாள் ஜீவிதா.

“யோசனை தானா போகும்” என்றான் சந்தீப்.

ஜீவிதா பசை வாங்கப் போனாள்.

மணி இரண்டரை. மடிக்க வேண்டிய சந்தீப்பின் கை சும்மா இருந்தது. இருபுறமும் பார்த்தான். பிறகு ரேணுகா பக்கம் சாய்ந்து தெலுங்கில் சேலையைப் பற்றிச் சொன்னான். அவளுக்குத் தறி தெரியவில்லை.

அவளுடைய அப்பா கொத்தனார் என்பது நினைவு வந்தது. சாந்து குழைக்க ஒருவர், தூக்க ஒருவர், கட்ட ஒருவர் என்றான். அவள் தலையாட்டினாள். அவள் கையில் கத்தரி மட்டும் ஓடத் தொடங்கியது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நூறாவது பூ கூடையில் விழுந்தது.

“அவளுக்கு எப்படிலே புரிஞ்சது?” என்றாள் ஜீவிதா.

“தானா நடந்து போச்சு.”

ரேணுகா அவன் சட்டையை இழுத்து, ஜீவிதா என்ன கேட்கிறாள் என்று தெலுங்கில் விசாரித்தாள். சந்தீப் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையும் மொழிபெயர்த்தான்.