பாடத்தில் இல்லாத முறைப்பாடு

எனக்கு இருட்டைக் கண்டால் பயமில்லை. நாயைக் கண்டாலும் பயமில்லை. எங்கள் அப்பா "காணும்" என்று சொன்னால்தான் பயம்.

அவர் கத்தமாட்டார், அடிக்கமாட்டார். "காணும்" என்பார், அவ்வளவுதான். போதும், இனிக் கதை இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தக் கிழமை அவர் அதைக் கவிஷன் அண்ணாவிடம் சொன்னார்.

அண்ணாவுக்குப் பதினாறு வயது. ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மரப்படகு கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே அவனுக்கு அவுஸ்பில்டுங் கிடைத்திருந்தது. சம்பளமும் தந்து தொழிலும் பழக்குவார்கள். ஆனால் அம்மா, அப்பா இருவரும் சம்மதிக்க வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் அப்பா நேரில் வந்து கதைக்காவிட்டால், இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

"படகு கட்டவோ?" என்றார் அப்பா. "நான் துறைமுகத்தில பெட்டி தூக்கிறது காணாதோ? நீ ஆபிட்டூர் சோதனை எடுத்து, கம்பசுக்குப் போய், எஞ்சினியரா வரவேணும்."

"எனக்கு எஞ்சினியர் வேலை வேண்டாம் அப்பா. எனக்கு மரம் பிடிக்கும்."

"மரம் பிடிச்சால் பார்க்கில போய் நிண்டு பார். காணும்."

அன்றிலிருந்து அண்ணா எங்களோடு சாப்பிட வரவில்லை. அம்மா சாப்பாட்டுக் கோப்பையை அவன் அறை வாசலில் வைத்துவிட்டு வருவார். பாதிச் சோறு அப்படியே திரும்பி வரும். வெளியே நவம்பர் மழை. பின்னேரமே இருட்டிவிடும். வீட்டுக்குள்ளும் யாரோ விளக்கை அணைத்துவிட்டதுபோல இருந்தது.

நான் மெதுவாக அண்ணாவின் அறைக்குள் போனேன்.

"அப்பாட்ட இன்னொருக்காக் கேளன், அண்ணா."

"கேட்டால் என்ன சொல்லுவார்?"

"காணும் எண்டு சொல்லுவார்."

"பிறகென்னத்துக்குக் கேக்கிறது? போய்ப் படி. உனக்கு வெள்ளிக்கிழமை சோதனையெல்லோ."

வரலாற்றுச் சோதனை. பிரான்சில் புரட்சிக்கு முந்திய காலம்தான் பாடம். சட்டம், வரி, போர் எல்லாமே ராசா ஒருவரின் கையில். அந்த அதிகாரத்தைக் கடவுளே தந்தார், அதனால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்று ராசா நினைத்தார். பிறகு புதிதாகச் சிந்திக்கும் சிலர் வந்தார்கள். மனிதர்களுக்கு அறிவு இருக்கிறது, அவர்கள் கேள்வி கேட்கலாம் என்று எழுதினார்கள். சிலரைச் சிறையில் போட்டார்கள். சிலரின் புத்தகங்களை எரித்தார்கள். ஆனால் கேள்விகள் நிற்கவில்லை.

கடைசியில் கஜானா காலியானது. அப்போது ராசாவே, "உங்கள் முறைப்பாடுகளைச் சொல்லுங்கள்" என்று ஊர் ஊராகக் கேட்டார். பிரபுவின் புறாக்கள் எங்கள் விதைகளைத் தின்கின்றன என்றுகூட விவசாயிகள் சொன்னார்களாம்.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விவசாயிகளிடமாவது ராசா கேட்டார் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் சோதனை வந்தால் அப்பா பாடம் கேட்பார். என் வகுப்பில் வேறு யார் வீட்டிலும் அந்தப் பழக்கம் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் படித்தாராம். புத்தகத்தை ஒரு சொல்லும் விடாமல் பாடமாக்கி ஒப்புவிக்க வேண்டும். வேலைக்கு வேண்டிய ஜெர்மன் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். பாடப்புத்தக ஜெர்மன் பாதிதான் விளங்கும். இருந்தாலும் வரிகளின்கீழ் விரலை வைத்துக்கொண்டே வருவார். நான் ஒரு சொல்லை விட்டால் விரல் நின்றுவிடும்.

அந்த நேரத்துக்கு அப்பா ஒரு விதி வைத்திருந்தார். பாடம் முடியும்வரை யாரும் குறுக்கே கதைக்கக் கூடாது. அம்மா தாளிக்கவும் கூடாது. அப்பாகூடக் கதைக்கமாட்டார்.

புதன்கிழமை அந்த விதியை நினைத்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது.

அப்பா வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"தொடங்கு, சாரங்கா."

நான் தொடங்கினேன். ராசா, கடவுள், வரி, புதிய சிந்தனை. அப்பாவின் விரல் வரி வரியாக ஓடியது. புறாக்கள் வந்தன. அதற்கடுத்த வரியை நான் சொல்லவில்லை. ஜெர்மனிலேயே வேறொன்றைச் சொன்னேன்.

"எங்கள் வீட்டிலும் ஒரு முறைப்பாடு இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை."

விரல் நின்றது. மேலே போனது. கீழே வந்தது. அப்பா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இது எந்தப் பக்கம்?"

"பாடம் இன்னும் முடியேல்லை அப்பா," என்றேன்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். விதி விதிதானே.

நான் தமிழுக்கு மாறினேன். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரியும். அதனால் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணா படகு கட்டப் போறது சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுறது சரியாயும் இருக்கலாம். ஆனா அவன் ஏன் அங்க போக ஆசைப்படுறான் எண்டு நீங்கள் கேக்கவே இல்லை. அவன் வாயைத் திறந்த உடன 'காணும்' எண்டு சொல்லிட்டீங்கள். இப்ப அவன் சாப்பிடுறானில்லை. அம்மா குசினிக்க நிண்டு அழுறா. எனக்கு உங்களோட கதைக்கப் பயமா இருக்கு. இப்பவும் பயம்தான். பாடம் முடிஞ்சுது."

குசினியில் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

"காணும்" வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது வரவில்லை.

"அந்த ராசாவுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டார் அப்பா.

பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "தலையை வெட்டிப்போட்டினம் அப்பா."

அப்பாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. குசினியில் அம்மா இருமினார். அது உண்மையான இருமல் இல்லை.

"அவருக்கும் பயம் இருந்திருக்கும்," என்றார் அப்பா மெதுவாக. "எனக்கும் பயம்தான் பிள்ளை. பெட்டி தூக்கித் தூக்கி என்ர முழங்கால் போயிட்டுது. கவிஷன்ர முழங்காலும் போகக்கூடாது."

அப்பாவுக்குப் பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் எழுந்து பல்கனிக்குப் போனார். மழைச்சாரலில் நெடுநேரம் நின்றார். உள்ளே வந்து நேரே படுக்கப் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் இன்னும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அண்ணா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தான்.

"எங்க போறாய்?"

"எங்கயும் இல்லை. சும்மா போட்டனான்."

அவன் குரல் அழுகிறதுபோல இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்போது கதவில் தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அப்பா கதவு தட்டியதே இல்லை. நேரே திறந்துகொண்டுதான் வருவார்.

"வரலாமோ?" என்று கேட்டார்.

அண்ணா என்னைப் பார்த்தான். பிறகு, "வாங்கோ," என்றான்.

அப்பா வேலை உடுப்போடு நின்றார். பாதி நேரத்தில் லீவு கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"வெளிக்கிடு. பட்டறைக்குப் போவம்."

அண்ணா துள்ளி எழுந்தான்.

"பொறு, பொறு. நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. அந்த முதலாளியிட்டக் கேக்க எனக்குக் கனக்கக் கேள்வி இருக்கு. முழங்காலைப் பற்றியும் கேப்பன். அதுக்கு முதல் நீ சொல்லு. ஏன் உனக்கு மரம்?"

அண்ணா வாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான். "காணும்" வருமோ என்று பார்த்தான். வரவில்லை.

"சொல்லு, கேப்பம். ஸ்டேசன் வரைக்கும் நடந்துகொண்டே கதைப்பம்."

அம்மாவும் நானும் யன்னலால் எட்டிப் பார்த்தோம். மழைக்குள் ஒரே குடையின்கீழ் இரண்டு பேரும் போனார்கள். அண்ணா இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு படகை வளைத்து வளைத்துக் காட்டினான். அப்பா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

அம்மா திடீரென்று யன்னலைத் திறந்து, தெரு முழுவதும் கேட்கக் கத்தினார்.

"இஞ்சேருங்கோ! ஸ்டேசனைத் தாண்டிப் போறியள்!"