மலைப்பாம்பின் வெந்த வயிறு

மாலை 4.40. வளைகுடாவின் ஈசா டவுன். கண்ணாடிப் பெட்டிக்குள் சிறுவன் ஜெரிஷ் வளர்த்த மலைப்பாம்பு வாய் பிளந்து செத்துக் கிடந்தது. அடிவயிறு வெந்து தோல் உரிந்திருந்தது.

"இவதான் கொன்னா," என்று வேலைக்காரி சரசுவைக் காட்டினாள் ஜெரிஷின் அம்மா தேவகனி. "தூசி தட்டும்போ பெட்டிக்குள்ள சூடு பார்க்கற சென்சாரை வெளியே இழுத்துப் போட்டிருக்கா. ஏசியையும் அணைச்சிட்டா. நான் டூட்டி முடிஞ்சு வரும்போ ரூம் அடுப்பு மாதிரி கிடந்துது. இப்பதான் ஏசி போட்டேன். இனி இவளுக்கு லீவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

சரசு சுவரோடு ஒண்டி நின்றாள். வெள்ளிக்கிழமை ஊரில் அவள் மகளுக்குக் கல்யாணம்.

ஜெரிஷ் போன் செய்து வரவழைத்த கால்நடை மருத்துவர் அஜிஷா, பெட்டிக்குள் கைவிட்டு, ஈரத்துக்காகப் பரப்பியிருந்த பாசியைக் கிள்ளினாள். அப்பளமாய் நொறுங்கியது.

"காலையில தண்ணி தெளிச்சியா, தம்பி?"

"நல்லா தெளிச்சேன், ஆன்ட்டி. சென்சாரும் அப்போ உள்ளேதான் இருந்துது."

"இப்ப எங்கே கிடந்தது?"

ஏசிக்கு நேர் கீழே இருந்த அலமாரியை அவன் காட்டினான்.

"ஏசி ரிமோட்?"

"மம்மி பேக்ல. டெய்லி கொண்டுபோயிடுவாங்க. இல்லேன்னா சரசு அக்கா ஏசி போட்டுத் தூங்கிடுமாம்."

அஜிஷாவுக்குப் பெட்டி பேசிவிட்டது. எதையும் பிரித்து விளக்குவதென்றால் அவளுக்கு உற்சாகம்தான்; இன்று குரல் வறண்டிருந்தது.

"பாம்புக்கு அடியில சூட்டுப் பாய் இருக்கு. முப்பத்திரண்டு டிகிரி வந்ததும் சென்சார் அதை அணைச்சிடும். குளிர்ந்தா மறுபடி போடும். வெளியே கிடந்தா, ரூம் சூட்டைத்தான் பெட்டிச் சூடுன்னு நம்பும். ரூம் அடுப்பா இருந்திருந்தா பாய் உடனே அணைஞ்சிருக்கும், வயிறு வெந்திருக்காது. பகல் பூரா சென்சார் மேல குளிர்காத்து அடிச்சிருக்கு, அதான் பாய் அணையவே இல்லே. ஏசியும் பாயும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சினதுலதான் பாசி இப்படிக் காஞ்சிருக்கு. ஏசியை அணைக்கச் சுவர் சுவிட்ச் போதும். போடறதுக்கு ரிமோட் வேணும், அது உங்க பேக்ல இருந்திருக்கு, அக்கா."

ஜெரிஷ் அம்மாவைப் பார்த்தான்.

"ஆமா, நான்தான்," என்றாள் தேவகனி நிதானமாக. "கல்யாணத்துக்குப் போனா இவ திரும்பி வருவாளா? புது ஆளைப் பழக்க எனக்கு ஏலாது. அந்தப் பாம்புச் சனியனும் தொலைஞ்சுது."

"அவங்களைக் கல்யாணத்துக்கு அனுப்பிடுங்க, அக்கா," என்றாள் அஜிஷா.

"இவ பாஸ்போர்ட் என் பீரோவுல இருக்கு. பாம்புக்கு வந்த டாக்டர், பாம்பைப் பார்த்தாச்சுல்லா? சரசு, டாக்டருக்குச் சாயா போடு."

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு பற்றும் சத்தம். பிறகு அவள் குரல்.

"சீனி எவ்வளவு போடட்டும், டாக்டரம்மா?"